ஊக்கு குத்தும் முறை: இழுவை பார்த்து, துணி பார்த்து

பட்டுப் புடவையின் தோள் மடிப்பில் ஓட்டை விழுந்தால் முதல் பழி ஊக்குக்குப் போகிறது. அடுத்த பழி நெசவாளிக்கு. குத்திய கையை யாரும் கேட்பதில்லை. கும்பகோணத்தில் ரவிக்கை தைப்பதும், முகூர்த்த நாட்களில் மணப்பெண்களுக்குப் புடவை கட்டிவிடுவதும் என் பிழைப்பு. தோளில் கிழிந்த புடவைகளைத் தூக்கிக்கொண்டு, "இழை ஓட்டிக் கொடுங்கள் அக்கா" என்று வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். துணி எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அதே போக்கில் ஊக்கையும் குத்தியிருப்பார்கள்.

ஊக்கு இழுவைக்குக் குறுக்கே படுத்திருக்க வேண்டும். ஒரு பழைய கைக்குட்டையில் இதைச் சோதித்துப் பாருங்கள். இரண்டாக மடித்து, நடுவில் ஊக்கைக் குத்தி, ஊக்கின் நீளவாக்கிலேயே இழுங்கள். துணி கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டே ஒரு கோடிக்குப் போய்ச் சேரும். துளையின் ஓரத்திலிருக்கும் இரண்டு மூன்று இழைகளே மொத்தச் சுமையையும் தாங்கும். இப்போது குறுக்காக இழுங்கள். கம்பி நெடுகக் கிடக்கும் இழைகளெல்லாம் சேர்ந்து சுமையை வாங்கிக்கொள்ளும். முதல் முறையில் துளை நீண்டுபோயிருக்கும். இரண்டாவதில் குத்திய தடம் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. ஒற்றைத் துணியில் ஊக்கைத் தொங்கவிடாதீர்கள். தையல், மடிப்பு, லைனிங், பட்டி என்று துணி இரண்டு மூன்றாகச் சேர்ந்திருக்கும் இடத்தைத் தேடிக் குத்துங்கள். தையல்காரி சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த உடையிலும் பலமான இடம் தையல்தான்.

வாங்கும்போது

ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு பெரிய ஊக்கில் சின்னதெல்லாம் கோத்துக் கொத்தாகத் தருவார்கள். விலை மலிவு என்பதால் யாரும் பார்த்து வாங்குவதில்லை. நான் ஒரு கொத்தில் இரண்டையாவது திறந்து பார்ப்பேன். முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து மெல்ல இழுத்தால், நல்ல முனை வழுக்கிக்கொண்டு போகும். பிசிறு இருந்தால் நகத்தில் கீறும். நகத்தைக் கீறுவது பட்டிழையை அறுக்கும். கூர்மையான முனை இழைகளை விலக்கிக்கொண்டு நுழையும். மொண்ணை முனை இழையை உடைத்துக்கொண்டு நுழையும். "கூராக இருந்தால் புடவை கிழியும்" என்று பழைய ஊக்கைத் தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிறகு தொப்பி. ஊசிக்கம்பியை உள்ளே மாட்டி, பக்கவாட்டில் ஒருமுறை ஆட்டுங்கள். தொப்பிக்குள் கம்பி லொடலொடவென்று ஆடினால் அது பந்தி பரிமாறும் நேரத்தில் திறந்துகொள்ளும். சுருளையும் பாருங்கள். திறந்தால் கம்பி துள்ளி விலக வேண்டும். வளைத்த இடத்திலேயே நின்றுவிட்டால் அந்த ஊக்கில் உயிர் இல்லை.

இந்தச் சுருளும் தொப்பியும்தான் ஊக்கின் மொத்தத் தொழில்நுட்பம். நியூயார்க்கில் வாழ்ந்த வால்டர் ஹன்ட் 1849 ஏப்ரல் 10 அன்று இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார், எண் 6,281. ஒரே கம்பியை ஒரு கோடியில் சுருட்டி வில் விசையாக்கி, மறுகோடியில் முனையை மாட்டிவைத்தார். விரலைக் குத்தாது, கம்பி வளையாது என்பதுதான் அவர் சொன்ன பெருமை. 15 டாலர் கடனை அடைக்க வழி தேடியபோது இது கைக்கு வந்தது என்றும், உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். அதற்கு முன்பே, 1830-களில், முனையில் காது வைத்த ஊசியும் இரட்டை நூல் தையலும் கொண்ட ஒரு தையல் இயந்திரத்தையும் செய்து பார்த்தவர் அவர். அதற்குக் காப்புரிமை கேட்காமலே விட்டார். கையால் தைத்துப் பிழைக்கும் பெண்களின் வேலை போய்விடுமே என்ற தயக்கம் என்பார்கள். மிஷினில் உட்கார்ந்து சாப்பிடும் நான் அவருக்கு இரண்டு வகையிலும் கடன்பட்டவள். வில் விசை வைத்துத் துணியைப் பிடிக்கும் யோசனை மட்டும் இன்னும் பழையது. ரோமானியர்கள் தோளில் அங்கியை நிறுத்தப் பயன்படுத்திய ஃபிபுலா என்ற அணியூசியிலும் அந்த விசை உண்டு. அவர்களுக்கும் தோள்தான் பிரச்சினை!

அளவுக்கு வருவோம். அட்டையில் எண் போட்டிருக்கும். பொதுவாக 00 என்றால் சுமார் 19 மில்லிமீட்டர், 1 என்றால் 27, 2 என்றால் 38, 3 என்றால் 51. ஷிஃபான், ஜார்ஜெட்டுக்கு 00. தோளுக்கு 1. கொசுவத்துக்கு 2. நாடா கோக்கவும் போர்வைக்கும் 3. பெரிய ஊக்கு பலமாகப் பிடிக்கும் என்று மெல்லிய துணியில் மூன்றாம் எண்ணைக் குத்தாதீர்கள். அதன் கம்பி தடிமன், துளையும் பெரிதாகும்.

ரெடிமேட் சட்டைகளில் விலைச்சீட்டைத் தொங்கவிட்டிருக்கும் குடுவை வடிவப் பின்களை எறிந்துவிடாதீர்கள். அவற்றில் சுருள் இல்லை, ஆகவே துணி சிக்காது. மெல்லிய துப்பட்டாவுக்கு நன்றாக உதவும். கனம் தாங்காது.

காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்கலாம், துருப்பிடிக்காது. ஆனால் இரும்புக் கம்பியைவிட மென்மை, சீக்கிரம் வளையும். கழுத்தோரம் ஊக்கு பட்ட இடத்தில் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்களுக்கு நிக்கல் முலாம் ஒவ்வாததாக இருக்கலாம். நிறமற்ற நகப்பூச்சை ஊக்கின்மேல் பூசிக் காயவைத்துப் பயன்படுத்தினால் ஒரு விசேஷத்துக்குத் தாங்கும்.

தோள்

முந்தானையை உடம்பின்மேல் வைத்துக்கொண்டு மடித்தால் நேரமும் போகும், கரையும் கோணும். கட்டிலில் விரித்து, ஒருவர் கீழ்முனையைப் பிடிக்க, கரையின் அகலத்துக்கே மடிப்பு வையுங்கள். துணி காயப்போடும் கிளிப்பைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு, தோளில் உட்காரப்போகும் இடத்தில் மடிப்புகளை அடிப்பக்கத்திலிருந்து ஓர் ஊக்கால் பிடியுங்கள். எல்லா மடிப்பையும் துளைத்து மேலே வர வேண்டாம். மேல் மடிப்பைத் தொடாமல் அடியில் இருப்பவற்றை மட்டும் பிடித்தால் போதும். கிளிப்பை எடுத்த பிறகும் மேல் மடிப்பு தானாகப் படிந்திருக்கும். சரிகைக் கரையில் ஒரு துளைகூட விழாது. காஞ்சிபுரம் சரிகையில் பட்டிழையைச் சுற்றி வெள்ளியும் அதன்மேல் பொன் முலாமும் இருக்கும். அதைக் குத்தினால் உலோக இழை பிரிந்து நீட்டிக்கொள்ளும், பிறகு படியாது.

இனி ரவிக்கையோடு சேர்ப்பது. ரவிக்கையின் தோள்பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுத் தோள் தையலைத் தடவிக் கண்டுபிடியுங்கள். லைனிங்கோடு சேர்த்து அங்கேதான் துணி கெட்டியாக இருக்கும். ஊக்கு கழுத்திலிருந்து கைப்பக்கம் நோக்கிப் படுக்க வேண்டும். முந்தானை இழுப்பது முன்னும் பின்னும். ஆக அதுவே குறுக்குவாட்டம். முனையை அடியிலிருந்து மேலே ஏற்றி, ரவிக்கையைத் துளைத்து, முந்தானையின் அடி மடிப்புகளை மட்டும் ஒரு கவ்வு கவ்வி, மறுபடி ரவிக்கைக்குள் இறக்கி, உள்ளேயே பூட்டுங்கள். இறக்கும்போது அடியில் உங்கள் விரல் இருக்கட்டும். மணப்பெண்ணின் தோளைவிட உங்கள் விரல் குத்துப்படுவது மேல். தொப்பி கைப்பக்கம் இருந்தால் கழுத்துச் சங்கிலி அதில் மாட்டாது.

பூட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. "கையைத் தூக்கு, உட்கார், குனிந்து கும்பிடு" என்று பெண்ணைச் செய்யச் சொல்லுவேன். மணமேடையில் அவள் எத்தனை பேர் காலில் விழப்போகிறாள் என்று கணக்கில்லை. நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு இறுக்கமாகக் குத்திவிட்டால், முதல் நமஸ்காரத்திலேயே முதுகுப்பக்கத் துணி விறைத்து ஊக்கை இழுக்கும். குனிந்த நிலையில் இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி பின்பக்கம் இருக்க வேண்டும். போட்டோகிராபர்கள் மடிப்பு விறைப்பாக நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பார்கள், கிழிந்தால் தைத்துத் தரமாட்டார்கள்.

கொசுவத்துக்கு ஊக்கு கிடைமட்டமாக, மேல் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை கீழே, உள்பக்கமாக. முன் மடிப்பைத் தொடாதீர்கள். பருத்திப் புடவையென்றால் உள்பாவாடையோடும் சேர்த்துக் குத்திக்கொள்ளலாம். பட்டில் நான் அதைச் செய்வதில்லை. புடவை ஓரத்தை யாராவது மிதித்தால், செருகல் அவிழ்ந்துகொடுக்க வேண்டும். உள்பாவாடையோடு பூட்டிவைத்தால் அவிழ வழியில்லாமல் துணி கிழியும். ஒன்பது கஜப் புடவைக்கு ஊக்கே வேண்டியதில்லை. தாறு பாய்ச்சிக் கட்டும் கட்டு அதுவாகவே நிற்கும். இப்போது அதிலும் வரிசையாகக் குத்துகிறார்கள். கட்டத் தெரியாததை ஊக்கு சமாளிக்கிறது, அவ்வளவுதான்.

துணி சுருளில் மாட்டினால்

ஊக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திப்பது இது. ஷிஃபான் முந்தானை மெல்ல நகர்ந்து சுருளின் வளையங்களுக்கு நடுவே புகுந்துகொள்ளும். அவசரத்தில் இழுத்தால் அரைவட்டமாக ஒரு கிழிசல் விழும்.

வராமல் தடுப்பது எளிது. குத்துவதற்கு முன் ஊசிக்கம்பியில் ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்துச் சுருள்வரை தள்ளிவிடுங்கள். மணி வாசலை அடைத்துக்கொள்ளும், துணி அதைத் தாண்டாது. மணி இல்லாவிட்டால் சட்டைப் பித்தான்கூடப் போதும். புடவை நிறத்திலேயே மணி வைத்திருப்பது என் பழக்கம்.

மாட்டிவிட்டால், முதலில் ஊக்கைத் திறந்து, துணியில் குத்தியிருக்கும் முனையை வெளியே எடுங்கள். இப்போது ஊக்கு சுருளை மட்டும் பிடித்துத் தொங்கும். வெளிச்சத்தில் வைத்து, துணி எந்த வளையத்துக்குள் எந்தப் பக்கமிருந்து புகுந்திருக்கிறது என்று பாருங்கள். துணியை அசைக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஊக்கை மட்டும் புகுந்த வழிக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். இன்னோர் ஊக்கின் முனையை வளையங்களுக்கு நடுவே நெம்பிக் கொடுத்தால் இடைவெளி அகலும், துணி தானாக நழுவும். அதற்கும் மசியாவிட்டால் சிறு வெட்டுக்குறடு எடுத்துக் கம்பியை நறுக்கிவிடுங்கள். ஒரு ஊக்குக்கு மனம் இரங்கிப் புடவையை விட்டுவிட வேண்டாம்.

கழற்றிய பிறகு தெரியும் துளையை, நகத்தின் பின்புறத்தால் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை மெல்லத் தேயுங்கள். இழை அறுந்திராவிட்டால் விலகியவை திரும்பி வந்து சேரும்.

நாடா

உள்பாவாடையில் நாடா உருவிக்கொண்டு போகாத வீடு உண்டா? மூன்றாம் எண் ஊக்கை நாடாவின் ஒரு நுனியில் குத்திப் பூட்டுங்கள். நுனியை ஒருமுறை மடித்துக் குத்தினால் பாதி வழியில் கழன்றுகொள்ளாது. தொப்பி முன்னால் போகும்படி பட்டிக்குள் நுழைத்து, வெளியிலிருந்து விரலால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் துணியை அதன்மேல் சுருக்கி ஏற்றி, பிறகு முன்பக்கம் இழுத்துவிடுங்கள். ஊக்கைத் தள்ளுவது குறைவு, துணியை நகர்த்துவதுதான் அதிகம். பக்கத் தையலில் முட்டி நிற்கும். அங்கே தொப்பியைச் சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்தால் மடிப்பைத் தாண்டிவிடும். நாடாவின் மறுநுனியை இன்னோர் ஊக்கால் பாவாடையிலேயே குத்திவைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இந்த நுனி வெளியே வரும் சந்தோஷத்தில் அந்த நுனி உள்ளே போய்விடும்.

வழியில் அறுந்தவை

ரப்பர் செருப்பின் வார் துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டால், வாரின் குமிழை மீண்டும் துளை வழியே அடிப்பக்கம் தள்ளி, அடிக்கும் குமிழுக்கும் நடுவே வாரின் கழுத்தில் குறுக்காக ஊக்கைக் குத்திப் பூட்டுங்கள். வீடு வரை தாங்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதே செருப்பில் வாரக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு ஊக்கு ஒருநாள் திறந்துகொண்டு பாதத்தில் ஏறும்.

ஜிப்பின் இழுப்பான் உடைந்தால் அந்தத் துளையில் ஊக்கைக் கோத்து இழுக்கலாம். சட்டைப் பித்தான் விழுந்தால் பித்தான் பட்டியின் உள்பக்கத்திலிருந்து குத்துங்கள். முன்னால் இரண்டு புள்ளிதான் தெரியும். கை முறிந்தவருக்கு முக்கோணத் துணியில் தொட்டில் கட்டும்போது, முழங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை முன்னால் மடித்து ஊக்குப் போட்டால் கை பின்னால் நழுவாது. குத்தும்போது துணிக்கும் உடம்புக்கும் நடுவே உங்கள் விரலைக் கொடுங்கள்.

நெரிசல் பஸ்ஸில் உரசிக்கொண்டே வருகிறவனுக்காக ஊக்கை விரலிடுக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்ப் பெண்களுக்கு உண்டு. அதற்குச் செய்முறை விளக்கம் தேவையில்லை.

செய்யக் கூடாதவை

காது குடைய வேண்டாம், பல் குத்த வேண்டாம். முள் எடுப்பதானால் முனையைத் தீயில் காட்டி, ஆறவைத்து, கரியைத் துடைத்துவிட்டு எடுங்கள். துருப்பிடித்த ஊக்கு வேண்டவே வேண்டாம்.

புடவை கட்டும்போது ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். ஒரு தும்மலில், ஒரு சிரிப்பில் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். என்னிடம் வேலை பழகும் பெண்களுக்கு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பஞ்சுப்பட்டை ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஊக்கு அங்கே இருக்கட்டும், வாயில் வேண்டாம். பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர், மனிதர்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழலிலிருந்தும் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பொருட்களைச் சேர்த்துவைத்தார். அந்த நகரின் முட்டர் அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. அதில் ஊக்குகளும் உண்டு. திறந்த ஊக்கை உள்ளேயே மூடி வெளியே எடுக்கும் முறைகளையும் அவர் உருவாக்கினார்.

குழந்தை ஊக்கை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். திறந்த ஊக்கு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குத்தும். உண்ண, குடிக்க எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எல்.கே.ஜி. பிள்ளையின் சட்டையில் கைக்குட்டை குத்தும்போது, சட்டையின் உள்பக்கத்திலிருந்து குத்தி உள்ளேயே பூட்டினால் பிஞ்சுக் கைக்குத் தொப்பி எட்டாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், விசேஷம் முடிந்து வந்ததும் தாலிச் சங்கிலியிலும் வளையலிலும் கோத்த ஊக்குகளை முதலில் கழற்றுங்கள். தாலியில் இரும்பைக் கோக்காதே என்று பாட்டிகள் கடிந்துகொள்வதற்குக் காரணம் வேறு, ஆனாலும் குழந்தை இருக்கும் வீட்டில் நான் பாட்டிகள் கட்சி.

கழற்றி வைக்கும்போது

கட்டும்போது எத்தனை ஊக்கு குத்தினீர்கள் என்று பெண்ணின் அம்மாவிடமோ அத்தையிடமோ சொல்லிவையுங்கள். கழற்றும்போது அந்த எண்ணிக்கை வர வேண்டும். வியர்வை பட்ட ஊக்கு ஒன்று புடவை மடிப்புக்குள் தங்கி பீரோவுக்குள் போனால், அடுத்த விசேஷத்துக்கு எடுக்கும்போது பழுப்பு வட்டம் இருக்கும். வெள்ளைப் பருத்தியில் அந்தக் கறை விழுந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சாயத் துணியில் முதலில் உள்மடிப்பில் சோதியுங்கள். பட்டில் எதையும் தேய்க்காதீர்கள். டிரைகிளீனிங்குக்குக் கொடுக்கும்போது கறை இருக்கும் இடத்தைக் காட்டி, துரு என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.